கொய்ங் அண்ணாச்சியின் ஏழாவது கம்பி

கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் தூத்துக்குடிக்காரர். அதிலும் மாப்பிள்ளையூரணியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர். இப்படி ஒரு பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும். ஃபேன் நிற்கும். தெருவே வாசலுக்கு வந்து, கையில் கிடைத்த நோட்டு, முறம், காலண்டர் அட்டை எல்லாவற்றாலும் விசிறிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத யாரையோ வாய் நிறையத் திட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு மட்டும் படாரென்று திறக்கும். பனியனும் தோளில் துண்டுமாக அவர் ஓடி வருவார், முகமெல்லாம் சிரிப்பாக.

“கேட்டியளா? கேட்டியளா?”

“என்னத்த அண்ணாச்சி கேக்க? ஃபேனே ஓடல.”

“அதைத்தாம்ல சொல்லுதேன். நின்னுட்டுல்லா!”

நின்று போனது என்னவென்றால், ஒரு இரைச்சல். கரண்ட் ஓடுகிற இடத்திலெல்லாம் அது இருக்கிறது என்பார். ஃபிரிட்ஜில், டியூப்லைட்டில், தெருமுக்கிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில், எல்லாவற்றிலும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே ஒரு சத்தம். “பொழுதன்னைக்கும் ஒரே சுருதியில முக்கிக்கிட்டுக் கெடக்கு தம்பி. அது மேல நான் என்னத்தப் பாட? அதுவா வாய மூடினாத்தான் நமக்கு இடம்.” எங்கள் ஊர் மொட்டைமாடியில் ஏறி நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். ஊர் ஊராகக் கரண்ட் அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் கரண்டே வேண்டாம் என்கிறார் பாருங்கள்.

சரி, கரண்ட் வேண்டாமென்றால் வேண்டாம், புல்லாங்குழல் வாசித்துவிட்டுப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் போட்டது எலக்ட்ரானிக் மியூசிக்! ‘கொய்ங்’ என்று கிளம்பி, நெளிந்து, குழைந்து, காற்றில் படுத்துக்கொள்கிற சங்கீதம். அந்தச் சத்தத்தாலேயே அவர் கொய்ங் அண்ணாச்சி. சொந்தப் பெயரை அவர் மனைவி புஷ்பம் அக்காவே மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பல வருஷம் இருந்தவர். மனுஷர்கள் ரேடியோவை ரிப்பேர் பண்ணுவதை நிறுத்தியதும், முத்தையாபுரம் பக்கம் ஒரு உப்பளத்தில் டீசல் பம்பு ஓட்டப் போய்விட்டார். புஷ்பம் அக்கா அதே அளத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பு வாருகிறவள். எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்துக் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். அளத்துப் பெண்கள் என்னை ‘சாம்பிள் தம்பி’ என்றார்கள்.

உப்பளத்துக்குள் கரண்ட் கம்பி கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அதில் வானம் தலைகீழாகக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் துறைமுகத்துக் கிரேன்கள் தரையை விட்டு எழும்பி ஆகாயத்தில் மிதக்கும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் மிதக்கும். அந்த மயக்கத்துக்கு நடுவில், பம்பு ஷெட்டின் ஓலை நிழலில், அண்ணாச்சி தன் வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பார்.

வாத்தியம் என்றால், ஒரு மக்ரூன் டப்பா. உள்ளே பழைய ரேடியோவில் பிடுங்கிய சாமான்கள். மேலே வரிசையாக ஏழு சைக்கிள் கம்பிகள். ஆட்டோவில் கழற்றிய ஸ்பீக்கர் ஒன்று பிளாஸ்டிக் குடத்துக்குள் குப்புறக் கிடக்கும். ஆறு கம்பியிலிருந்து ஆறு வயர் புறப்பட்டு, வரப்பு வழியாக நடந்து, ஆறு பாத்திக்குள் போய் இறங்கும். கடல் தண்ணீரை முதலில் தேக்கும் தெப்பத்தில் உப்பு கம்மி. அங்கே தொட்டால் சத்தம் கீழே நிற்கும். பாத்தி மாறிப் போகப் போகத் தண்ணீர் கெட்டியாகும், சத்தமும் மேலே ஏறும். ஆறு பாத்திக்கு ஆறு சுரம்.

“ஏழாவது கம்பி சும்மா நிக்கே அண்ணாச்சி?”

அதற்கு மட்டும் இரண்டு வயர். இரண்டையும் சுருட்டி ரப்பர்பேண்டு போட்டு வைத்திருந்தார்.

“அதுக்குப் பாத்தி இன்னும் அமையல தம்பி. பொறு.”

அவர் சுருதி சேர்ப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு வயர் முனையையும் சுற்றி, அடி உடைந்த பக்கெட் ஒன்றைப் பாத்திக்குள் நட்டு வைத்திருப்பார். கம்பியைத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். “நாலுல கொஞ்சம் கம்மியா இருக்கு. ஒரு கை உப்பு போடு தம்பி.” நான் போய்ப் போடுவேன். “ஏளா, ரெண்டு ஜாஸ்தியாயிட்டு, குடிதண்ணி ஒரு செம்பு ஊத்து!” என்று புஷ்பம் அக்காவிடம் கத்துவார். அவள் வாருபலகையை ஊன்றி நிமிர்வாள். “குடிக்கவே தண்ணி இல்லாமக் கெடக்கோம், இவிய பாட்டுக்கு ஊத்தணுமாம். சாம்பாரா வைக்கிய அங்கன?”

கரண்டுக்கு என்ன செய்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் குடும்பச் சண்டையே. அலுமினியத் தூக்குச்சட்டியில் பாத்தித் தண்ணீரை ஊற்றி, நடுவில் கருவேலங்கரியைத் துணியில் பொதிந்து வைத்தால் அது ஒரு பேட்டரி. நாலு சட்டியை வயரால் கோத்தால் டப்பா பாடும். நானே கேட்டேன், கடையில் டார்ச் செல் கிடைக்குமே என்று. ஒரு மாதிரிப் பார்த்தார். “சுருதியக் கடல்ட்ட வாங்கிட்டு, கரண்ட மட்டும் கடையில வாங்கச் சொல்லுதியா?” ஒருமுறை கங்காணி ஷெட்டு சோலார் விளக்கின் பலகையைக் கழற்றி வந்து மாட்டியும் பார்த்தார். நடுப்பாட்டில் ஒரு காக்கா அதன்மேல் வந்து உட்கார்ந்தது. பாட்டு கம்மிப்போயிற்று. காக்காவை விரட்டிவிட்டு, பலகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சட்டியில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டு ஓட ஓட அலுமினியத்தை உப்பு தின்றுவிடும். புஷ்பம் அக்கா வீட்டில் கஞ்சி ஊற்றினால் அது அடியில் நாலு தாரையாக ஒழுகும். பார் சோப்பை வைத்து அடைத்துக் கொடுப்பார். மறுநாள் கஞ்சியில் சோப்பு வாசம். நாலு சட்டி இப்படிப் போனதும் அவள் ஒரு நாள் வரப்பில் நின்று தீர்ப்பு சொன்னாள். “இனி என் சட்டியத் தொட்டிய, நான் எங்கக்கா வீட்டுக்கு ஏரலுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

வேடிக்கை என்னவென்றால், அத்தனை பாடும் அவளுக்காகத்தான். அவர் அறிந்த பாட்டு ஒன்றே ஒன்று. புஷ்பம் பாட்டு. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். மெதுவாக, தெப்பத்தில் காற்று தொடுகிற மாதிரி கிளம்பும். பூநாரைகள் கழுத்தைத் தூக்கிப் பார்க்கும். துறைமுகத்தில் கப்பல் ஹார்ன் அடித்தால் வாசிப்பதை நிறுத்தி, “அவன் முடிக்கட்டும்” என்று காத்திருப்பார். பாட்டு வளைந்து வளைந்து மேலே ஏறி, இதோ என்னவோ சொல்லப் போகிறது என்று நாம் சோற்றுக் கையோடு நிமிரும்போது, சட்டியின் தெம்பு தீர்ந்து, சத்தம் சரிந்து, ‘கொ… ய்… ’ என்று படுத்துவிடும். தினமும் அதே இடம். முடிவை யாரும் கேட்டதே இல்லை.

“முடிவை மட்டும் தனியா வாசிச்சுக் காட்டுங்களேன் அண்ணாச்சி.”

“அது தனியா வாசிக்க முடியாது தம்பி.”

புஷ்பம் அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவாள். “எனக்குப் பாட்டு போடுதாவளாம். பாதிப் பாட்டு. முடியாத பாட்டைக் கேக்க எனக்கு நேரமில்ல.”

இனி என் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் ஒவ்வொரு பாத்தியாக இறங்கிக் குழாயை மிதக்கவிடுவதற்குப் பதிலாக, நிழலில் படுத்து அண்ணாச்சியின் சத்தத்தைக் கேட்டே டிகிரி சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்திருந்தேன். நாலாவது கம்பி இந்த உயரத்தில் கத்தினால் இருபத்தைந்து டிகிரி, தண்ணீரை உப்பு விளைகிற பாத்திக்குத் திறந்துவிடலாம். சுலபம். பெண்கள் அதற்கு முன்பே தேறிவிட்டார்கள். “நாலு நல்லாக் கூவுது, தண்ணி பழுத்துட்டு” என்று பேசிக்கொண்டே நடப்பார்கள். கங்காணி செல்லப்பா அண்ணாச்சி, இரும்பு மாதிரி மனிதர், அவரும் போகிற போக்கில் காதைத் தீட்டுவார்.

ஒரு நாள் கங்காணி வந்து, “ஏலே, நாலு எத்தனை டிகிரிடே?” என்றார். நான் படுத்தபடியே கேட்டேன். கம்பி கணீரென்று கூவியது. “இருபத்தஞ்சு அண்ணாச்சி.” மடையைத் திறந்துவிட்டார். ஆனால் அன்று காலையில் கொய்ங் அண்ணாச்சி அந்தப் பக்கெட்டுக்குள் மட்டும் ரெண்டு கை உப்பைப் போட்டிருந்தார், பாட்டு அந்த இடத்தில் ஏற வேண்டுமாம். பக்கெட்டுக்கு வெளியே தண்ணீர் இன்னும் பழுக்காத பச்சைத் தண்ணீர். அது போய்ப் பாய்ந்த பாத்தியில், மறுநாள் வாரவேண்டிய உப்பு, வெள்ளை வெளேரென்று விளைந்து கிடந்தது. சாயந்திரத்துக்குள் பாதி கரைந்துபோயிற்று. பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். அவர்கள் கால் தேயக் கிளறிவிட்டு விளைவித்த உப்பு அது.

கங்காணி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குழாயைப் பார்த்தாயா என்று என்னிடம் அவர் கேட்பதற்குள் கொய்ங் அண்ணாச்சி முன்னால் வந்துவிட்டார். “நான்தான் உப்பு போட்டேன். தம்பி மேல தப்பில்ல.” நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

“ஓய், இனி பாத்திக்குள்ள கம்பிய விட்டீரு, கையை முறிச்சிருவேன்!” என்றார் கங்காணி.

அண்ணாச்சி ஆறு வயரையும் சுருட்டினார். டப்பாவை மூடினார். பம்பு மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, பம்பும் நிற்கிற சாப்பாட்டு நேரத்தில் அளம் அப்படியே கிடக்கும். ஊறுகாயைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பெண்களுக்கும் பிடிக்கவில்லை.

ஐப்பசி பிறக்க ஒரு வாரம் இருந்தது. புஷ்பம் அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பெரிய கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டிருக்கிறது, இனி அளத்தில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமையோடு வேலைக்கு நிற்கிறாள். அதற்குப் பின் மழை வந்துவிடும், பாத்தியெல்லாம் ஒரே தண்ணீராகிவிடும், ஆறு சுரமும் கலைந்துவிடும். அடுத்த உப்பு விளையும்போது அவள் இங்கே இருக்க மாட்டாள்.

அண்ணாச்சி என்னிடம் வந்து நின்றார். துண்டை முறுக்கினார். “தம்பி, அவ ஒரு தடவ முழுசா கேக்கணும்டே. வீட்ல வச்சு வாசிக்க முடியாது. பாத்தியத் தூக்கிட்டு வரவா முடியும்?” அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

நான் நேரே கங்காணியிடம் போனேன். “அன்னைக்குக் குழாயை நான் தண்ணில விடவே இல்ல அண்ணாச்சி. காதால கேட்டுச் சொன்னேன். என் தப்புதான்.” வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

கங்காணி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். “தெரியும்ல. குழாய் காஞ்சு போயி ஒன் சட்டைப் பையிலதான இருந்துச்சு.” தெப்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். “நானும் காத நம்பித்தான மடையத் திறந்தேன். எந்த மூஞ்சிய வச்சு ஒன்னையத் திட்ட?” அப்புறம் குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். “சனிக்கிழமை. சாப்பாட்டு நேரம் மட்டும். உப்பு ஒரு கை போடப்படாது, தண்ணி ஒரு செம்பு ஊத்தப்படாது. சொல்லிரு.”

கொய்ங் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். “சுருதி சேர்க்க முடியாதே அண்ணாச்சி?”

“வெயில் பாத்துக்கிடும்” என்றார்.

சனிக்கிழமை நல்ல வெயில். பெண்கள் ஷெட்டு நிழலில் தூக்குச்சட்டிகளைத் திறந்து உட்கார்ந்தார்கள். புஷ்பம் அக்கா வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு. அண்ணாச்சி தன்னிடமிருந்த நாலு ஓட்டைச் சட்டிகளை சோப்பு வைத்து அடைத்து, தண்ணீர் ஊற்றி, கரியை வைத்தார். நான் மொபைலில் பதிவு செய்யலாமென்று எடுத்தேன். வெயிலில் கிடந்த மொபைல், சூடு தாங்கவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

பாட்டு கிளம்பியது. பல நாள் கழித்துக் கேட்பதால் பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். வெள்ளைக்கு மேல், மிதக்கிற கிரேன்களுக்கு மேல், அது தன் போக்கில் போயிற்று. சூட்டில் சுரமெல்லாம் கொஞ்சம் மேலேதான் நின்றது, ஆனால் எல்லாம் சேர்ந்தே நின்றது. வளைந்தது. ஏறியது. அந்த இடம் வந்தது. சத்தம் தளர ஆரம்பித்தது. சோப்பு விட்டுவிட்டது, ஒரு சட்டி ஒழுகிக்கொண்டிருந்தது.

புஷ்பம் அக்கா எழுந்தாள். மிச்சச் சோற்றை அவசரமாக மூடியில் கவிழ்த்தாள். வரப்பிலிறங்கித் தன் சட்டியில் பாத்தித் தண்ணீரை மொண்டுகொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி வந்து அவர் முன்னால் நின்றாள்.

“எங்கன வைக்கணும்?”

அண்ணாச்சி கையைக் காட்டினார். வைத்தாள். நான் கரிப்பொதியை இறக்கி வயரை மாட்டினேன். சரிந்துகொண்டிருந்த சத்தம் ஒரு தடவை திக்கி, நிமிர்ந்தது. “ஏளா, எஞ்சட்டியும் இருக்கு, கொண்டு போ!” என்றாள் ஒருத்தி. அப்புறம் பாருங்கள், பன்னிரண்டு சட்டி! நான் ஓடி ஓடி மாட்டினேன். பாட்டு இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போயிற்று. கங்காணி வாட்ச்சைப் பார்த்தார், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு கம்பியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அண்ணாச்சி ஏழாவது கம்பியின் ரப்பர்பேண்டை அவிழ்த்தார். ஒரு வயரின் முனையைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டார். இன்னொன்றை அக்காவிடம் நீட்டினார்.

“இதைப் பிடிளா. அந்தக் கைய இங்கன குடு.”

“எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும்.”

“ஷாக் அடிக்குமா?”

“உன்னையவா? அதுக்குத் தைரியம் வேணும்லா.”

பெண்கள் சிரித்தார்கள். அவள் ஈரக் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். குடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எந்தப் பாத்தியிலும் இல்லாத சத்தம். தாழ்ந்து, லேசாக நடுங்கிக்கொண்டு, மூச்சு விடுகிற மாதிரி.

“இது யாரு பாடுறது?” என்றாள்.

“நீதான். இத்தனை வருஷம் உப்பு வாரின கையில்லா, நல்லாப் பாடுது.”

அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், “எஞ்சட்டிய ஓட்டை போட்டிய பாத்தியளா, அதுக்கு!” என்று அவர் கையை ஒரு இறுக்கு இறுக்கினாள். சத்தம் ‘கொய்ங்ங்’ என்று மேலே எகிறியது! பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். “கஞ்சில சோப்பு போட்டியல்லா, அதுக்கு!” மறுபடியும் எகிறியது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவள் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. சத்தம் இறங்கியது, இறங்கி, தெப்பத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடந்தது. சட்டிகள் எப்போது ஓய்ந்தன என்று எனக்குத் தெரியாது. சத்தம் நின்று வெகுநேரம் கழித்தும் இரண்டு பேரும் கையை விடவில்லை.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு.”

“நல்லாத்தான் இருக்கு. இதை முதல்லயே வாசிச்சிருக்கலாம்லா?”

“முதல்லயே வாசிச்சா மிச்சத்த நீ கேப்பியா?”

அடுத்த வாரம் மழை வந்தது. பாத்திகள் கலைந்தன. பன்னிரண்டு தூக்குச்சட்டிகளின் அடியிலும் கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. அதற்காக அந்தப் பெண்கள் அண்ணாச்சியைத் திட்டாத நாளில்லை, ஆனால் ஒருத்திகூட அந்தச் சட்டியை மாற்றவில்லை.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். குழாய், டிகிரி எல்லாம் போய், கம்ப்யூட்டர் முன்னால் உத்தியோகம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் போயிற்று. பக்கத்து வீடுகளில் வசவு ஆரம்பித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையை எட்டிப் பிடித்தேன்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன். “ஒரு அண்ணாச்சி ஞாபகம்.”